வாசகர் கேள்விகள்: வாக்குப்பெட்டியைக் கவிழ்த்த ஊபெர்த்தின் ஓக்லேர்

சென்ற இதழில் தேர்தல் வரலாறு பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, 1908-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பாரிஸ் நகராட்சித் தேர்தலின்போது அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து வாக்குப்பெட்டியைக் கீழே தள்ளி மிதித்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர் யார், எதற்காக அப்படிச் செய்தார், பிறகு என்ன ஆனார் என்றெல்லாம் கேட்டிருப்பதால், இந்த முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் ஊபெர்த்தின் ஓக்லேர். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்.

அவருடைய குடும்பப் பின்னணி என்ன? இந்தப் போராட்டத்துக்குள் எப்படி வந்தார்?
— திருவாரூர் வாசகர்

நடுப் பிரான்சில் அலியே மாவட்டத்தில் உள்ள சேன்-பிரியே-ஆன்-முய்ரா என்ற சிற்றூரில், 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பிறந்தார். நிலபுலன் உள்ள குடும்பம்; தந்தையார் குடியரசுக் கொள்கையில் பற்றுடையவர். மகளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அவர் இறந்துவிட்டார். சிறுமியின் படிப்பும் வளர்ப்பும் பெரும்பாலும் கன்னியர் மடத்திலேயே நடந்தன. பதின்பருவத்தில் அவரே கன்னியாஸ்திரீ ஆக விரும்பியிருக்கிறார். யாருக்கும் அடங்காத சுபாவம் என்று மடத்தார் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடக்கம் போதாது என்று மடத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர், அதே அடங்காமையை மூலதனமாக வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுக்காலம் அரசாங்க அலுவலகங்களின் வாசல்களில் நின்றார் என்பதை நினைத்தால், அந்த மடத்தார் ஆளைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பெற்றோர் இருவரும் மறைந்த பின் கைக்கு வந்த சொத்து அவருக்கு ஒரு வசதியைக் கொடுத்தது. கல்யாணம் செய்துகொண்டுதான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. 1872-ஆம் ஆண்டு பாரிசில் பெண்ணுரிமையாளர்கள் ஒரு விருந்து நடத்தினார்கள். அதையொட்டி எழுத்தாளர் விக்தோர் உய்கோ (விக்டர் ஹ்யூகோ) எழுதிய கடிதம் ஒன்று பத்திரிகைகளில் வெளிவந்தது. இன்றைய நாகரிகத்தில் இன்னும் ஓர் அடிமை இருக்கிறாள், சட்டம் அதை இடக்கரடக்கலாக 'மைனர்' என்கிறது என்பது அக்கடிதத்தின் சாரம். கிராமத்தில் இருந்தபடி அதைப் படித்த ஓக்லேர், அடுத்த ஆண்டிலேயே பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே லெயோன் ரிஷேர், மரியா தெரேம் ஆகிய இருவரும் நடத்திவந்த பெண்ணுரிமைச் சங்கத்தில் சேர்ந்தார்.

பிரான்சில் 1848-லேயே எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்துவிட்டார்கள் என்று பள்ளியில் படித்தேன். பிறகு இவர் எதற்காகப் போராட வேண்டியிருந்தது?
— புதுச்சேரி வாசகி

நீங்கள் படித்தது தவறில்லை; பாடநூலில் இருந்த 'எல்லோரும்' என்ற சொல்தான் வில்லங்கமானது. ஓக்லேரின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சொல்லோடு நடத்திய வழக்கு என்றே சொல்லிவிடலாம். எனவே இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே விடை சொல்கிறேன்.

1848 பிப்ரவரிப் புரட்சியில் மன்னராட்சி விழுந்தது. மார்ச் 5-ஆம் நாள் இடைக்கால அரசு ஓர் ஆணை வெளியிட்டது. இருபத்தொரு வயது நிறைந்த 'பிரெஞ்சுக்காரர் அனைவரும்' வாக்காளர்கள் என்றது அந்த ஆணை. அதற்கு முன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நேரடி வரி கட்டும் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கே வாக்கு இருந்தது. ஒரே நாளில் அந்த எண்ணிக்கை 90 லட்சத்தைத் தாண்டியது. உலகமே வியந்தது. ஆனால் அந்த 90 லட்சத்தில் ஒரு பெண்கூட இல்லை. ஓக்லேர் பிறந்தது அந்த ஆணை வெளியாகி ஐந்து வாரம் கழித்து. அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டதாகக் கொண்டாடிய ஊரில், அந்த 'அனைவரில்' சேராதவராகப் பிறந்தார்.

தமிழில் 'பிரெஞ்சுக்காரர்' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. அர் விகுதி இருபாலையும் தாங்கும். பிரெஞ்சு மொழியில் அந்த வசதி இல்லை. பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோதான் நிற்க வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தைக் குறிக்கவும் ஆண்பால் பன்மையே வரும். ஆகவே சட்டத்தில் 'பிரான்சே' (பிரெஞ்சுக்காரர்) என்ற சொல் வந்தால், அது ஆண்களை மட்டும் சொல்கிறதா, இருபாலாரையும் சொல்கிறதா என்பதை இலக்கணம் தீர்த்துவைக்காது. படிக்கும் அதிகாரிதான் தீர்மானிக்க வேண்டும். அதிகாரிகளும் தீர்மானித்துத்தான் வைத்திருந்தார்கள். வாக்காளர் பட்டியல் எழுதும்போது 'பிரெஞ்சுக்காரர்' என்றால் ஆண்கள். வரி ரசீது எழுதும்போதும், குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கும்போதும் அதே சொல்லில் பெண்களும் அடக்கம்.

1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓக்லேர் பாரிசின் 10-ஆம் வட்டார நகராட்சி மன்றத்துக்குப் போய், தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் மறுத்தார்கள். சண்டை எதுவும் போடாமல் திரும்பி வந்து, தமக்கு வந்த வரிச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். வரி கட்ட முடியாது என்று மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுதினார். எனக்கு உரிமை இல்லை, ஆகவே கடமையும் இல்லை. நான் வாக்களிப்பதில்லை, ஆகவே வரி கட்டுவதும் இல்லை என்பது அவருடைய வாதம். என் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று ஆண்கள் கூடித் தீர்மானிப்பதானால், அந்தப் பணத்தையும் அவர்களே கொடுத்துக்கொள்ளட்டும் என்றார். விதவைகளும் மணமாகாதவர்களுமாகச் சில பெண்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். மணமான பெண்களால் சேர முடியவில்லை. அவர்கள் பெயரில் வரிச்சீட்டே வராது. சொத்து கணவன் கையில் இருந்தது.

வழக்கு படிப்படியாக ஏறி, நிர்வாக வழக்குகளுக்கான உச்ச அமைப்பான அரசு மன்றம் வரைக்கும் போனது. அங்கும் 1881-இல் தோல்விதான். வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய அமீனா வந்து நிற்கும் வரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பணத்தளவில் பார்த்தால் சில பிராங்குகள்தான். ஆனால் 'பிரெஞ்சுக்காரர்' என்ற சொல்லுக்கு வரித்துறையில் ஒரு பொருள், தேர்தல் துறையில் வேறு பொருள் என்பதை அரசின் வாயாலேயே, கோப்பில் ஏறும்படி சொல்ல வைத்தாரே, அதைத்தான் அவர் வெற்றியாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே கருதுகிறேன்.

1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோதும் அதே வழிதான். பெண்கள் படிவத்தை நிரப்பித் தர வேண்டாம் என்று அழைப்பு விடுத்தார். எங்களைக் கணக்கில் சேர்க்காதவர்கள் எங்களை எதற்காகக் கணக்கெடுக்கிறார்கள் என்று கேட்டார். பிரெஞ்சில் அமைந்த சிலேடை தமிழில் அப்படியே வந்து உட்கார்வது எப்போதாவதுதான் நடக்கும். இது அப்படி ஒன்று.

பெண்ணுரிமை பேசிய மற்றவர்கள் இவரை ஆதரித்திருப்பார்களே?
— மதுரை வாசகர்

அங்கேதான் அவருக்கு முதல் அடி விழுந்தது. 1878-இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி ரிஷேரும் மரியா தெரேமும் பெண்ணுரிமைக்கான பன்னாட்டு மாநாடு ஒன்றைக் கூட்டினார்கள். கல்வி, கூலி, திருமணச் சட்டம் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசலாம், வாக்குரிமை பற்றி மட்டும் பேசக்கூடாது என்று ஓக்லேருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் தயாரித்து வைத்திருந்த உரையைத் தாமே சிறுநூலாக அச்சிட்டு வெளியிட்டார். 'பெண்களின் அரசியல் உரிமை' என்று தலைப்பிட்டு, அதன் கீழே, பன்னாட்டு மகளிர் மாநாட்டில் பேசப்படாத கேள்வி என்றும் போட்டார்.

ரிஷேர் தரப்பைக் கெட்டவர்களாகக் காட்டிவிடக் கூடாது. விவாகரத்துச் சட்டம் 1884-இல் மீண்டும் வந்ததற்கும், பெண்கல்விக்கும் பாடுபட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பயம் வேறு. 1870-இல் அமைந்த மூன்றாம் குடியரசு அப்போது நடக்கப் பழகும் குழந்தை. மன்னராட்சிக் கட்சியும் கத்தோலிக்க சபையும் அதைக் கவிழ்க்கக் காத்திருந்தன. பெண்கள் பெரும்பாலும் மடத்துப் பள்ளியில் படித்தவர்கள், ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் கையில் வாக்குச்சீட்டைக் கொடுத்தால் அது பாவசங்கீர்த்தனக் கூண்டு வழியாகப் பாதிரியார் கைக்குப் போய்விடும் என்று உண்மையாகவே நம்பினார்கள். முதலில் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்பது அவர்கள் நிலை.

ஓக்லேரின் மறுமொழி எளிமையானது. 1848-இல் வாக்குரிமை பெற்ற ஆண்களில் எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானோர் இருந்தார்களே, அவர்களுக்கு யார் பரீட்சை வைத்தது? அந்த ஆண்கள்தாம் அதே ஆண்டின் டிசம்பரில் லூயி நெப்போலியனைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்து, அவர் மூலமாகக் குடியரசையே இழந்தவர்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

நடுத்தர வகுப்பாரிடம் பலிக்காமல் போகவே தொழிலாளர்களிடம் போனார். 1879 அக்டோபரில் மார்சேய் நகரில் நடந்த சோஷலிசத் தொழிலாளர் மாநாட்டில், ஒன்பது மில்லியன் அடிமைகள் அனுப்பிய அடிமைப் பிரதிநிதியாக வந்திருக்கிறேன் என்று மேடையில் நின்று சொன்னார். உங்களுடைய புரட்சி வென்ற பிறகும் நாங்கள் இப்படியேதான் இருப்போமா என்று தொழிலாளர்களை நேருக்கு நேராகக் கேட்டார். மாநாடு பெண்களின் முழுச் சமத்துவத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டது. கைதட்டலும் பலமாக இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சோஷலிஸ்டுகள் பல பிரிவாக உடைந்து தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டார்கள். தீர்மானம் தீர்மானமாகவே கிடந்தது.

அக்காலத்துப் பிரெஞ்சுத் திருமணச் சட்டம் அவ்வளவு மோசமா? நம் மனத்தில் பிரான்ஸ் என்றாலே சுதந்திரம், சமத்துவம்தானே?
— கோயம்புத்தூர் வாசகி

நெப்போலியன் 1804-இல் கொண்டுவந்த உரிமையியல் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தரக் கடமைப்பட்டவன், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்று சொல்கிறது. அடுத்தடுத்த பிரிவுகளின்படி, கணவன் அனுமதியில்லாமல் மனைவி வழக்குத் தொடுக்க முடியாது, எதையும் விற்கவோ வாங்கவோ முடியாது. ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றோர் என்று 1124-ஆம் பிரிவு ஒரு வரிசை கொடுக்கிறது: மைனர்கள், நீதிமன்றத்தால் தடைவிதிக்கப்பட்டோர், மணமான பெண்கள்.

பிரான்சில் திருமணம் சட்டப்படி நகராட்சி மன்றத்தில், மேயர் முன்னிலையில் நடக்கும். மேயர் இந்தப் பிரிவுகளை மணமக்கள் முன் வாய்விட்டு வாசிப்பார். 1880-இல் ஓக்லேர் என்ன செய்தார் தெரியுமா? திருமணம் நடக்கும் மண்டபத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். மேயர் 213-ஐ வாசித்து முடித்ததும் எழுந்து, இந்தக் கீழ்ப்படிதல் என்பதை மனத்தில் கொள்ளாதீர்கள், நீங்கள் இருவரும் சமமானவர்கள் என்று மணமக்களுக்கு ஒரு சிறு உரை நிகழ்த்துவார். ஒருபக்கம் பூங்கொத்தும் வெண்துகிலுமாக மணப்பெண், இன்னொருபக்கம் மூவண்ணப் பட்டை கட்டிய மேயர், நடுவில் அழையாத விருந்தாளியாக ஒரு கறுப்பு உடைக்காரி. சில நாட்களிலேயே மேலிடத்திலிருந்து தடை வந்துவிட்டது. கல்யாண வீட்டில் போய்க் கலகம் செய்வது எனக்கு உவப்பானதாக இல்லை. ஆனாலும் அந்தச் சட்டப்பிரிவு வாய்விட்டு வாசிக்கப்படும் ஒரே இடம் அதுதான் என்பதால், வேறு எங்கே போய் மறுமொழி சொல்வது என்ற அவருடைய நியாயமும் புரிகிறது.

கீழ்ப்படிதல் என்ற சொல் சட்டத்திலிருந்து நீங்கியது 1938-இல். கணவன் அனுமதியில்லாமல் வேலைக்குப் போகவும் சொந்தமாக வங்கிக் கணக்கு வைக்கவும் மணமான பெண்ணுக்கு 1965-இல்தான் வழி பிறந்தது.

'பெமினிஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கியவர் இவர்தான் என்று எங்கோ படித்தேன். சரியா?
— சேலம் வாசகர்

சரியில்லை. அச்சொல் 1870-களின் தொடக்கத்தில் மருத்துவ நூலில் வேறு பொருளிலும், பிறகு எழுத்தாளர் இளைய துமாவின் பேனாவில் கேலியாகவும் வந்துவிட்டது. அந்த வசைச்சொல்லை எடுத்துத் தம்மைக் குறிக்கும் பெயராக 1882-இல் பயன்படுத்தியவர் ஓக்லேர்.

சொற்கள் மீது அவருக்கு இருந்த கண் அதோடு நிற்கவில்லை. வாக்காளர், வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர் போன்ற சொற்களுக்கெல்லாம் பிரெஞ்சில் பெண்பால் வடிவம் வேண்டும், சொல் இல்லாத இடத்தில் உரிமையும் இருக்காது என்று விடாமல் எழுதினார். வாக்காளர் என்பதன் பெண்பாலாக 'எலெக்தரிஸ்' என்று அவர் எழுதினால் பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். நமக்கு வாக்காளர், உறுப்பினர் என்று பொதுச்சொல் கையில் இருப்பதால் இந்தச் சண்டையின் சூடு முழுவதும் உறைக்காது. ஆனால் 'குடிமகன்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள்.

1881 பிப்ரவரி 13-ஆம் நாள் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு அவர் வைத்த பெயரே அதுதான்: 'லா சித்துவாயென்', அதாவது 'குடிமகள்'. பத்து ஆண்டு, பெரும்பாலும் கைப்பணத்தைப் போட்டு நடத்தினார். இளம் ஓவியர் மரீ பஷ்கிர்ட்செஃப் புனைபெயரில் அதில் எழுதினார். பாரிஸ் நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பது அவர் முறையீடு. 1884-இல் காசநோயால் அவர் மறைந்தார். பள்ளியின் கதவு திறந்தது 1897-இல்.

திருமணத்தை இவ்வளவு எதிர்த்தவர் தாம் திருமணம் செய்துகொண்டாராமே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கேள்வியில் ஒரு மெல்லிய ஏளனம் தெரிகிறது; இருக்கட்டும். அவர் எதிர்த்தது திருமணத்தை அல்ல, திருமணச் சட்டத்தை. அந்தோனேன் லெவ்ரியே என்ற சட்டம் படித்தவர் பல ஆண்டுகளாக அவருடைய பத்திரிகைக்கும் வழக்குகளுக்கும் துணைநின்றவர். அவர் அல்ஜீரியாவில் நீதிபதி வேலைக்குப் போனார், உடல்நலமும் கெட்டிருந்தது. 1888-இல், தம் நாற்பதாவது வயதில், ஓக்லேர் அவரை மணந்துகொண்டு அல்ஜீரியா சென்றார். பத்திரிகையைத் தோழி மரியா மர்த்தேன் கவனித்துக்கொண்டார்; 1891-இல் 'லா சித்துவாயென்' நின்றுபோக, மர்த்தேன் வேறு பெயரில் தம் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். அதில் ஓக்லேருக்கு மனத்தாங்கல் உண்டு. 1892-இல் கணவர் இறந்தார். பத்திரிகையும் போய், துணையும் போய், பாரிசுக்குத் தனியாகத் திரும்பினார்.

அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சி செய்த கொடுமைகளைப் பற்றி அவர் பேசினாரா? காலனிகளைப் பற்றி அவர் கருத்து என்ன?
— காரைக்கால் வாசகர்

பேசினார், ஆனால் முழுவதுமாக நம் பக்கம் நின்று பேசினார் என்று சொல்ல முடியாது. நான்காண்டு அங்கே வாழ்ந்து, அரபுப் பெண்களின் வீடுகளுக்குப் போய் வந்து, 1900-இல் 'அல்ஜீரியாவின் அரபுப் பெண்கள்' என்ற நூலை வெளியிட்டார். சிறுமியரைக் கல்யாணம் செய்து கொடுப்பதையும் பலதார மணத்தையும் அதில் கடுமையாகச் சாடுகிறார். கூடவே, அந்த வழக்கங்களைப் பிரெஞ்சு அதிகாரிகள் கண்டும் காணாமல் இருப்பதையும், அரபுப் பெண்களுக்கான பள்ளிகளை நடத்தாமல் கைவிட்டதையும் எடுத்துக்காட்டுகிறார். வென்ற நாட்டு ஆணும் தோற்ற நாட்டு ஆணும் பெண்ணை ஒடுக்குவதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு, அது கூர்மையானது. ஆனால் அதற்கு அவர் சொல்லும் மருந்து, அல்ஜீரியாவை இன்னும் முழுமையாகப் பிரான்சு ஆக்கிவிட வேண்டும் என்பது. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை இருந்தால் அந்தப் பெண்களை அவர்களே கரையேற்றுவார்கள் என்கிறார். அல்ஜீரியப் பெண் தானே தன்னைக் கரையேற்றிக்கொள்ளக் கூடும் என்ற எண்ணம் அவருக்கு அதிகம் எழவில்லை.

உங்கள் ஊர் வாசகருக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. மூன்றாம் குடியரசுக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் முதலிய ஊர்களின் ஆண்களும் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். சில காலனிகளின் கறுப்பின ஆண்களுக்கும் அந்த உரிமை இருந்தது. கறுப்பின ஆண்கள் வாக்களிக்கும்போது வெள்ளைப் பெண்கள் ஏன் வாக்களிக்கக் கூடாது என்று 1908-இல் வந்த தம் நூலில் ஓக்லேர் எழுதினார். அங்கே அவர் கையாளும் சொற்கள் நிறவெறி கலந்தவை; கறுப்பின மக்களை இழிவாகவே பேசுகின்றன. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள் என்று சமாதானம் சொல்லிவிட நான் தயாராக இல்லை. 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று நாற்பது ஆண்டு கேட்டவர், அந்தக் கேள்வியை இந்த ஓர் இடத்தில் தம்மிடமே கேட்டுக்கொள்ளவில்லை. மற்ற இடங்களில் அவரைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

வாக்குப்பெட்டியைக் கவிழ்த்ததற்கு என்ன தண்டனை? அதனால் ஏதாவது பயன் விளைந்ததா?
— நாகர்கோவில் வாசகி

தண்டனை, 16 பிராங்கு அபராதம்.

அந்த நிலைக்கு அவர் வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். இருபது முப்பது ஆண்டுகளாக மனு எழுதியவர் அவர். அதுவும் ஒன்று இரண்டல்ல. நாடாளுமன்றத்துக்கு, மாவட்ட ஆட்சியருக்கு, நகர மன்றத்துக்கு என்று கட்டுக்கட்டாக. ஆணும் பெண்ணும் சேர்ந்து வாக்களிக்கும் படம் போட்ட, தபால்தலை போன்ற ஒட்டுச்சீட்டுகளை 1901-இல் அச்சிட்டு, கடித உறைகளில் ஒட்ட வைத்தார். 1904-இல் உரிமையியல் சட்டத்தின் நூற்றாண்டு விழாவை அரசு கொண்டாடியது. வாந்தோம் சதுக்கத்தில், உச்சியில் நெப்போலியன் சிலை நிற்கும் தூணின் அருகில், அந்தச் சட்டநூலின் படி ஒன்றைக் கொளுத்த முனைந்தார். காவலர்கள் தடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்திரிகைகள் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்தன.

1908 மே 3-ஆம் நாள் 4-ஆம் வட்டாரத்தின் வாக்குச்சாவடிக்கு அவர் போனது அதற்குப் பிறகுதான். ஆண்களின் வாக்குச்சீட்டு மட்டும் உள்ள பெட்டி சட்டத்துக்குப் புறம்பானது என்று கூவிக்கொண்டே மேசை மேல் இருந்த பெட்டியைத் தள்ளினார். சீட்டுகள் தரையில் சிதறின; அவற்றின் மேல் கால் வைத்தார். இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய கலவரங்கள் அப்போது நடந்துகொண்டிருந்தன. பிரெஞ்சுப் பெண்ணுரிமைச் சங்கங்களோ இந்த ஒரு பெட்டிக்கே அதிர்ந்துபோயின. மத்லேன் பெல்த்தியே போன்ற மிகச் சிலரே அவர் பக்கம் நின்றார்கள்.

1910 நாடாளுமன்றத் தேர்தலில் பாரிசின் 11-ஆம் வட்டாரத்தில் தாமே வேட்பாளராக நின்றார். மனுவை அரசு ஏற்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் 590 ஆண்கள் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். எல்லாமே செல்லாத வாக்குகள். செல்லாது என்று தெரிந்தே வரிசையில் நின்று ஒரு பெண்ணின் பெயரைச் சீட்டில் போட்ட அந்த 590 பேரையும் வரலாறு இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.

1914-இல் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு பாரிஸ் நாளேடு பெண்களிடையே மாதிரி வாக்கெடுப்பு நடத்தியதில், வாக்களிக்க விரும்புகிறேன் என்று 5 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சீட்டு அனுப்பினார்கள். போருக்குப் பின் 1919-இல் மக்களவை பெண்கள் வாக்குரிமையை 344-க்கு 97 என்ற கணக்கில் ஏற்றது. மேலவை மூன்றாண்டு இழுத்தடித்து 1922-இல் தள்ளுபடி செய்தது. காரணம், ரிஷேர் சொன்ன அதே பழைய காரணம்: பாதிரியார்.

கடைசியில் வாக்குரிமை வந்தது 1944 ஏப்ரல் 21-ஆம் நாள். பாரிஸ் அப்போது ஜெர்மானியர் பிடியில் இருந்ததால், பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் தற்காலிக அரசு அந்த ஆணையை அல்ஜியர்ஸ் நகரிலிருந்து வெளியிட்டது; ஓக்லேர் தம் கணவரோடு வாழ்ந்துவந்த நாட்டின் தலைநகர் அது. ஆணையின் 17-ஆம் பிரிவு, ஆண்களுக்குள்ள அதே நிபந்தனைகளின்படி பெண்களும் வாக்காளர்கள், தேர்ந்தெடுக்கப்படத் தகுதியுடையவர்கள் என்கிறது. 'பிரெஞ்சுக்காரர் அனைவரும்' என்று மறுபடியும் எழுதிவைக்கவில்லை. பெண்பாலில், அவர் எழுதியபோது பத்திரிகைக்காரர்கள் சிரித்த அதே சொல்லை, 'எலெக்தரிஸ்' என்று பன்மையில் எழுதினார்கள். 1945 ஏப்ரல் 29-ஆம் நாள் நகராட்சித் தேர்தலில் பிரெஞ்சுப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். அல்ஜீரியாவின் முஸ்லிம் பெண்களுக்கு அந்த முறை வர 1958 ஆயிற்று.

பாரிசின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், கணவரின் பக்கத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லில் 'பெண்கள் வாக்குரிமை' என்று பொறித்திருக்கிறது.